வோஜ் மலையும் ஜூரா நதிகளும்: கிழக்கு பிரான்சில் நடக்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரான்சில் மலை என்றதும் எல்லாரும் ஆல்ப்ஸுக்கே டிக்கெட் எடுக்கிறார்கள். ஜெர்மன் எல்லையை ஒட்டி நிற்கும் வோஜ் மலைத்தொடரும், அதற்குத் தெற்கே சுவிஸ் எல்லையோரமாகக் கிடக்கும் ஜூராவும் பலர் கண்ணில் படுவதே இல்லை. காடு, ஆற்றுப் பள்ளத்தாக்கு, புல் முகடு மூன்றையும் ஒரே நாளில் கடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இவையே நல்ல இடம் என்பது என் கட்சி. கிளம்புமுன் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

உச்சியே 1,424 மீட்டர்தான் என்கிறார்கள். இதெல்லாம் ஒரு மலையா?

வோஜில் மிக உயர்ந்த கிரான் பலோன் 1,424 மீட்டர். அடுத்த பெரிய பெயரான ஹோனெக் 1,363 மீட்டர். எண்ணைப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் ஏற்றம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். கெப்வில்லேர் ஊரிலிருந்து கிரான் பலோனுக்கு நடந்தால் 1,100 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஆல்ப்ஸில் பாதி மலைக்கு ரோப்கார் கொண்டுபோய் விட்டபிறகு நடப்பதைவிட இது கால்களுக்கு அதிக வேலை.

இன்னொன்று, மலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மேற்கே லொரேன் பக்கம் சாய்வு மெதுவாக இறங்கும். கிழக்கே அல்சாஸ் பக்கம் செங்குத்து. ரைன் சமவெளி நிலப்பிளவில் கீழே இறங்கிவிட்டது ஒரு காரணம். மேற்குக் காற்று அள்ளிவந்து கொட்டிய பனி கிழக்கு முகத்தில் சேர்ந்து, பனியாறாகி, பாறையைக் குடைந்தது இன்னொரு காரணம். ஹோனெக்கின் கிழக்கே எட்டிப்பார்த்தால் அந்தக் குடைவு தெரியும். காலடியில் புல், அடுத்த அடியில் பள்ளம்.

மழையும் அப்படித்தான். மேற்குச் சரிவும் முகடும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு நனையும். மலை மறைவில் இருக்கும் கொல்மார் நகரத்துக்குக் கிடைப்பது 600 மில்லிமீட்டர் சொச்சம். பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் அதுவும் ஒன்று. கொல்மாரில் வெயில் காய்கிறது என்பதை நம்பி அரைக்கைச் சட்டையோடு மேலே போகிறவர்கள், மூடுபனிக்குள் பல் தந்தியடிக்க நிற்பதைக் கோடையில்கூடப் பார்க்கலாம்.

கைடு வேண்டுமா? வழி தப்பிவிடாதா?

கைடு வேண்டாம். ஐரோப்பாவில் இவ்வளவு நேர்த்தியாக அடையாளமிட்ட காட்டுப்பாதைகள் மிகக் குறைவு. இந்த வேலையைச் செய்வது கிளப் வோஜியன் என்ற சங்கம். 1872-இல் சவெர்ன் ஊரில் தொடங்கியது. அல்சாஸ் அப்போதுதான் ஜெர்மனியின் கைக்குப் போயிருந்தது. தொடங்கியவர் ரிச்சர்ட் ஷ்டீவ் என்ற நீதிபதி. இன்றைக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் பாதையைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். விழுந்த மரத்தை அறுப்பது முதல் மங்கிய பெயின்டைப் புதுப்பிப்பது வரை எல்லாம் அவர்கள் கையால்தான்.

பிரான்சின் மற்ற பகுதிகளில் ஜி.ஆர். எனப்படும் நெடும்பாதை என்றால் வெள்ளை-சிவப்பு இரட்டைக் கோடு. இங்கே அதைத் தேடினால் ஏமாறுவீர்கள். வோஜில் கிளப்பின் சொந்தச் சின்னங்கள்தான். சிவப்பு, நீலம், மஞ்சள் செவ்வகங்கள் நெடும்பாதைகளுக்கு. வடக்கே விஸம்பூரில் கிளம்பும் ஜி.ஆர். 53, அதோடு சேர்ந்து தெற்கே முகடு முகடாகப் போகும் ஜி.ஆர். 5, இரண்டுக்கும் சிவப்புச் செவ்வகம்தான். இந்த ஜி.ஆர். 5 நெதர்லாந்துக் கடற்கரையில் தொடங்கி நீஸ் வரை போகிறது. பெருக்கல் குறி, முக்கோணம், நிறைந்த வட்டம் எல்லாம் உள்ளூர் இணைப்புப் பாதைகள். வளையம் போட்டிருந்தால் சுற்றுப்பாதை, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். குழந்தைகளோடு வருகிறவர்கள், புதியவர்கள், வேறு எதையும் யோசிக்காமல் வளையத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சந்திப்புகளில் இருக்கும் பலகைகளில் நேரம் எழுதியிருக்கும். அது நிற்காமல் நடக்கிற, பழகிய ஆளின் கணக்கு. போட்டோ எடுத்து, முறுக்கு தின்று நடக்கிற நம்மைப் போன்றவர்கள் அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது. பத்து நிமிடமாகச் சின்னமே கண்ணில் படவில்லை என்றால் முன்னே போகாதீர்கள். கடைசியாகப் பார்த்த சின்னத்துக்குத் திரும்புங்கள்.

பிரான்சின் அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 அளவு காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும். போன் வரைபடம் நல்லதுதான், ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தப் பாதை?

மெட்ஸரால் ரயில் நிலையத்திலிருந்து வோர்ம்ஸா பள்ளத்தாக்கு வழியாக ஹோனெக். என்னைக் கேட்டால் வேறு பதிலே கிடையாது.

கொல்மாரிலிருந்து முன்ஸ்டெர் பள்ளத்தாக்கில் போகும் சின்ன ரயில் மெட்ஸராலில் முடிகிறது. அங்கே உயரம் 500 மீட்டருக்குள்தான். ஊரைத் தாண்டியதும் வோர்ம்ஸா ஓடை கூடவே வரும். பள்ளத்தாக்கின் அடி தட்டையாக, இரு பக்கச் சுவரும் நிமிர்ந்து நிற்பது பனியாறு விட்டுப்போன வடிவம். வழியில் பெரிய பெரிய பாறைகள் பாசி படிந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே பாதை வளைந்து ஏறும். ஈரமாக இருந்தால் அந்தக் கற்கள் வழுக்கும், பிடிமானமில்லாத ஷூ இங்கே உதவாது.

ஏறி முடிக்கும் இடத்தில் ஃபிஷ்போட்லே ஏரி. வோஜ் ஏரிகளில் மிகச் சிறியது. உயரம் 800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுற்றிலும் பாறையும் ஊசியிலை மரங்களும் நெருக்கி நிற்க, தண்ணீர் கறுப்பாகத் தெரியும். பார்க்க இயற்கை ஏரி போலவே இருக்கும், ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறிய அணைதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இன்னும் 130 மீட்டர் ஏறினால் ஷீஸ்ரோத்ரீட் ஏரி. அதுவும் அணை கட்டிய நீர்த்தேக்கமே. முன்ஸ்டெர் பள்ளத்தாக்கின் ஆலைகளுக்கு வறண்ட மாதங்களிலும் தண்ணீர் ஓட வேண்டும் என்று கட்டப்பட்டவை இவை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க இரண்டாவது ஏரிக்கரை தோது, வெயில் விழும்.

அதற்கு மேல்தான் உண்மையான ஏற்றம். பீச் மரங்கள் உயரம் கூடக்கூடக் குட்டையாகி, காற்றுக்குக் கூன் விழுந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று முடிந்துவிடும். பிறகு புல்வெளிதான் உச்சி வரை. மொத்த ஏற்றம் சுமார் 900 மீட்டர். காற்று தெளிவாக இருந்தால் தெற்கே ஆல்ப்ஸ் தெரியும், அதற்கு இலையுதிர்காலமும் குளிர்காலமும்தான் அதிக வாய்ப்பு. இறங்குவதற்கு காஷ்னே வழியாக மியூல்பாக் நிலையம் அல்லது முன்ஸ்டெர். இரண்டிலும் அதே ரயில் நிற்கும். ஏறிய வழியிலேயே இறங்க வேண்டியதில்லை என்பதுதான் இந்தப் பாதையின் பெரிய வசதி.

காலையில் மெட்ஸராலில் எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கவில்லை என்றால் உச்சிக்கு ஆசைப்படாமல் ஏரிகளோடு திரும்பிவிடுங்கள். அதுவே நிறைவான நடை.

பாறைப் பாதை என்று ஒன்று சொல்கிறார்களே, ஆபத்தா?

ஷ்லுக்த் கணவாயிலிருந்து ஃபிராங்கன்தால் பள்ளத்தாக்குக்குப் போகும் பாதை அது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைன்ரிஷ் ஷ்ட்ரோமேயர் என்ற வனத்துறைக்காரர் முன்னின்று போட்டது. அப்போது எல்லைக் கோடு முகட்டின் மேல் ஓடியதால், பிரெஞ்சு மண்ணில் கால் வைக்காமலே ஜெர்மன் பக்கத்தில் நடக்க ஒரு வழி தேவைப்பட்டது என்று இங்கே சொல்வார்கள்.

இரும்புக் கைப்பிடி, சின்னப் பாலங்கள், ஏணிப்படிகள் என்று போகும். கயிறு கட்டி ஏறுகிற இடம் எதுவும் இல்லை. பாதை குறுகல், ஒரு பக்கம் சரிவு, அவ்வளவுதான். தலைசுற்றல் உள்ளவர்களும் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களும் இதை விட்டுவிடலாம். பனி இருக்கும் மாதங்களில் யாரும் போகக்கூடாது. மழை பெய்த மறுநாளும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபிராங்கன்தாலில் இருந்து ஃபாலிமோன் கணவாய்க்கு ஏறி, முகட்டு வழியாக ஷ்லுக்துக்கே திரும்பினால் நான்கைந்து மணி நேரச் சுற்று.

முகட்டில் ஏன் மரமே இல்லை? அந்தக் கல்தூண்கள் என்ன?

1,200 மீட்டருக்கு மேலிருக்கும் இந்தப் புல்வெளிகளை ஷோம் என்கிறார்கள். மிக உயரமான சில துண்டுகளில் காற்றும் குளிருமே மரத்தை வளரவிடவில்லை. மற்றதெல்லாம் பல நூற்றாண்டுகளாக மாடு மேய்க்கக் காட்டை வெட்டித் திறந்தது. மேய்ச்சல் நின்றால் காடு திரும்ப ஏறிவிடும். கோடையில் முதுகோடு வெள்ளைப் பட்டையும் பக்கங்களில் கறுப்புமாக நிற்கும் மாடுகள் வோஜியன் என்ற உள்ளூர் இனம். வேலியில் கேட் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கு நல்ல இடைவெளி விடுங்கள்.

கல்தூண்கள் பழைய எல்லைக் கற்கள். 1871-இலிருந்து முதல் உலகப்போர் முடியும் வரை பிரான்சும் ஜெர்மனியும் இந்த முகட்டில்தான் பிரிந்தன. ஒரு பக்கம் பிரான்ஸுக்கு எஃப், மறுபக்கம் ஜெர்மனிக்கு (டாய்ச்லாண்ட்) டி. குனிந்து பார்த்தால் பல கற்களில் எஃப் தெளிவாக இருக்கும், டி இருந்த பக்கம் உளியால் கொத்தப்பட்டிருக்கும். 1918-க்குப் பிறகு யாரோ மெனக்கெட்டுக் கல் கல்லாகப் போய்ச் செய்த வேலை. ஷ்லுக்திலிருந்து வடக்கே தனே, கஸோன் து ஃபான் வழியாக வெள்ளை ஏரி வரை போகும் பாதையில் இவற்றைப் பார்க்கலாம். பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத, அகலக் காட்சியுள்ள ஒரு நாள் நடை அது.

முகட்டை ஒட்டி ஓடும் கார்ச் சாலையும் போர் தந்ததுதான். பிரெஞ்சுப் படை தன் தளவாடங்களை எதிரி கண்ணில் படாமல் கொண்டுபோக முதல் உலகப்போரில் போட்டது. லேங்கே, ஹார்ட்மன்ஸ்வில்லர்கோஃப் மலைகளில் பதுங்குகுழிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்த இடங்களில் குறித்த பாதையை விட்டு ஓர் அடி விலகக் கூடாது. முள்கம்பியும் வெடிக்காத குண்டும் மண்ணுக்குள் இன்னும் உண்டு.

எந்த மாதம் நல்லது?

ஜூனும் செப்டம்பரும். ஜூனில் இருட்ட ஒன்பதரை மணி ஆகும், முகட்டில் பூ. செப்டம்பரில் கூட்டமில்லை, காற்றில் தெளிவு. ஆகஸ்டில் ஹோனெக் உச்சிக்குக் காரிலேயே வருகிறவர்கள் நிறைய, மதியத்துக்குமேல் இடியும் வரலாம்.

ஏப்ரலில் பள்ளத்தாக்கில் செர்ரி பூத்திருக்கும்போது மேலே முழங்கால் பனி இருக்கும். குளிர்காலத்தில் கிழக்கு விளிம்பில் காற்று பனியைத் திரட்டி வெறும் காற்றின் மேல் நீட்டிய கூரையாக்கிவிடும். அதன்மேல் நடந்தால் அதோடு கீழே போக வேண்டியதுதான். பனிச்சரிவு வோஜிலும் உயிர் குடித்திருக்கிறது. டிசம்பரில் நாலரை மணிக்கே பொழுது சாயும். பனி நடை வேண்டுமென்றால் காட்டுக்குள் இருக்கும் அடையாளமிட்ட சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாடு? நான் சைவம்.

மலைமேல் பண்ணை விடுதிகள் உண்டு, ஃபெர்ம்-ஓபெர்ஜ் என்பார்கள். சொந்த மாட்டுப் பாலில் முன்ஸ்டெர் சீஸ் செய்து, அதையே பரிமாறும் இடங்கள். இவற்றின் புகழ்பெற்ற முழுச் சாப்பாட்டில் பன்றியிறைச்சிப் பை, புகையூட்டிய பன்றி, அதோடு வெண்ணெயில் மணிக்கணக்காக வேகவைத்த உருளைக்கிழங்கு வரும். அந்த உருளைக்கிழங்கிலும் பெரும்பாலும் பன்றித் துண்டு போட்டிருப்பார்கள். "சான் லார்தோன்" என்று சொன்னால் பன்றி இல்லாமல் கிடைக்குமா என்று பார்ப்பார்கள், ஆனால் ஏற்கெனவே பெரிய சட்டியில் சமைத்து வைத்திருந்தால் வழியில்லை. முதல்நாளே போன் செய்து சொல்வதுதான் சரி. இடமும் அப்போதே பிடித்துவிடலாம், ஞாயிறு மதியம் நேராகப் போனால் மேசை கிடைக்காது.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால் சீஸ், ரொட்டி, காட்டு நாவல் நிறத்தில் இருக்கும் மிர்ட்டிய் பழம் போட்ட டார்ட். புதுச் சீஸில் சர்க்கரையும் க்ரீமும் போட்டு, மேலே செர்ரிச் சாராயம் ஊற்றித் தரும் சீஸ்காஸ் ஒன்று உண்டு. சாராயம் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

மிர்ட்டிய் செடி முகட்டில் பாதையோரமே காய்த்துக் கிடக்கும். காப்பகங்களுக்குள் பறிக்கக் கூடாது. வெளியே அளவும் கருவியும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். நரியின் எச்சத்தால் பரவும் நாடாப்புழுத் தொற்று கிழக்கு பிரான்சில் இருப்பதால், தரையொட்டிய பழத்தைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம், முடிந்தால் வேகவைத்தே சாப்பிடுங்கள்.

கரடி, ஓநாய்?

கரடி இல்லை. ஓநாயும் லின்க்ஸ் பூனையும் உண்டு, பார்த்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். ஹோனெக் பாறைகளில் ஷமுவா ஆடுகளைத் தாராளமாகப் பார்க்கலாம். அவை இங்கேயே பிறந்த குலமல்ல, 1956-இல் எதிரே ஜெர்மனியின் கருங்காட்டிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள்.

பயப்பட வேண்டியது கடுகளவு உண்ணிக்கு. அல்சாஸ் காடுகளில் லைம் நோய் பரவலாக உண்டு. உண்ணி மூலம் பரவும் மூளையழற்சியும் இந்தப் பக்கம் உண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, லைமுக்கு இல்லை. நீளக் கால்சட்டை, அதன் அடிப்பகுதி காலுறைக்குள். மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் தேடுங்கள். மருந்துக்கடையில் விற்கும் சின்னக் கொக்கியால் சுழற்றி எடுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். கடித்த இடத்தில் சில நாளிலோ வாரங்களிலோ சிவப்பு வட்டம் பரவினால் உடனே டாக்டரிடம் போங்கள்.

வேட்டைக் காலத்தில் நடக்கலாமா?

இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் முடிய வேட்டை நடக்கும். பாதை முகப்பில் வேட்டைப் பலகை வைத்திருந்தால் வேறு பாதைக்குப் போய்விடுங்கள், வாதம் செய்யாதீர்கள். அந்த மாதங்களில் ஆரஞ்சு போலப் பளிச்சென்ற நிறத்தில் சட்டை.

கூடாரம் போடலாமா?

தனே-கஸோன் து ஃபான், ஃபிராங்கன்தால் போன்ற இயற்கைக் காப்பகங்களில் கூடாது. காட்டிலும் காட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் நெருப்பு மூட்டுவது நாடெங்கும் தடை. பண்ணை விடுதிகளிலும் சங்கங்களின் குடில்களிலும் பொதுப் படுக்கை அறைகள் உண்டு, அவற்றை நம்புவதே நிம்மதி.

மலை வேண்டாம், ஆற்றோர நடை போதும். எங்கே போவது?

அப்படியானால் ஜூரா. சுண்ணாம்புக்கல் நாடு. இங்கே தண்ணீர் ஓடுகிற இடத்தைவிட மறைகிற இடம்தான் சுவாரசியம்.

லூ நதியின் ஊற்றைப் பாருங்கள். பெரிய பாறைச் சுவரின் அடியில் குகை வாய். அதிலிருந்து ஊற்றாகக் கசிந்து வருவதில்லை, முழு ஆறாகவே பாய்ந்து வெளியே வருகிறது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் துப்புக் கொடுத்தது ஒரு தீவிபத்து. 1901 ஆகஸ்டில் பொந்தார்லியே ஊரின் பெர்னோ மதுத் தொழிற்சாலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. பல லட்சம் லிட்டர் அப்சிந்த் மது டூ நதியில் கலந்தது. சில நாளில் மலைக்கு அந்தப் பக்கம் லூவின் ஊற்றில் அதே வாசனை அடித்தது. பிறகு 1910-இல் குகை ஆய்வாளர் மார்த்தெல் டூவில் சாயம் கலந்து, லூவின் தண்ணீரில் ஒரு பங்கு டூவிலிருந்து பூமிக்கடியில் வருகிறது என்று உறுதிசெய்தார்.

மூத்தியே-ஓத்-பியேர் ஊரிலிருந்து நுவாய் பள்ளம் வழியாக ஊற்றுக்கு ஏறிப்போவது அரை நாள் நடை. பாதை முழுக்க மரநிழல், கீழே ஆற்றுச் சத்தம். ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1819-இல் பிறந்த ஓர்னான் ஊர் இதே ஆற்றங்கரையில்தான். அவர் இந்தக் குகை வாயைப் பலமுறை வரைந்திருக்கிறார். நடையை முடித்துவிட்டு ஓர்னானில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

டூ நதியே வினோதம். மூத் ஊரில் பிறந்து 453 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி சோன் நதியில் சேர்கிறது. பிறந்த இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். (அந்த மூத் பிரான்சின் குளிர்ந்த ஊர் என்று பெயரெடுத்தது, 1968 ஜனவரியில் மைனஸ் 36.7 டிகிரி.) சுவிஸ் எல்லையில் வில்லேர்-லெ-லாக் அருகே 27 மீட்டர் அருவியாக விழுகிறது. ஆனால் கோடைக் கடைசியில் போவதானால் முதலில் விசாரியுங்கள். 2018, 2022 போன்ற வறட்சி ஆண்டுகளில் அருவியில் தண்ணீரே இல்லை. வசந்தத்தில், பனி உருகும்போதோ மழைக்குப் பிறகோ போனால்தான் அதன் முழு உருவம். எரிசோன் அருவிகளுக்கும் இதே விதிதான். அங்கே விசிறி என்று பெயர்பெற்ற அருவி மட்டும் 65 மீட்டர்.

கார் இல்லாமல் முடியுமா?

வோஜில் முடியும், ஜூராவில் சிரமம். பாரிஸிலிருந்து கொல்மாருக்கு டி.ஜி.வி. அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். முன்ஸ்டெர் ரயில் முன்பே சொன்னது. முலூஸிலிருந்து க்ரூத் வரை ஒரு கிளைப்பாதை, ஸ்திராஸ்பூர்க்கிலிருந்து ஷிர்மெக் வழியாக சன்-தியேவுக்கு இன்னொன்று. மூன்றிலும் நிலையத்திலிருந்தே சின்னங்கள் தொடங்கும். முகட்டுக்குக் கோடையில் மட்டும் பேருந்து விடுவார்கள், நாட்களும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். லூ பள்ளத்தாக்குக்கு பெசன்சோனிலிருந்து பேருந்துதான், ஞாயிறுகளில் அதை நம்பிப் போகாதீர்கள்.

அவசரம் என்றால்?

112. பேச முடியாத நிலையில் 114-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். கடைசியாகக் கடந்த பலகையில் இருந்த இடப்பெயரும் உயரமும் சொன்னால் மீட்புக் குழுவுக்குப் போதும். அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் பலகையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நடங்கள்.